பூட்டுமுன் ஒரு சத்தம்

டோலி பங்களாவுக்கு சீல் வைத்து இருபத்து மூன்று நாளும் மூன்றரை மணி நேரமும் ஆகியிருந்தது. ஆக்ஸிலியா விரல் விட்டு எண்ணவில்லை. கைபேசித் திரையில் அது தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் வைத்துவிட்டு வந்த பதிமூன்று பெட்டிகளும், கதவைச் சாத்திய நிமிடத்திலிருந்து நேரத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தன.

பன்னிரண்டு பெட்டிகள் ஒழுங்காக இருந்தன. பதிமூன்றாவது மட்டும் சரியாக இல்லை.

பெட்டி என்றால் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. இரண்டு தீப்பெட்டிகளைச் சேர்த்து வைத்த அளவு, வெள்ளை நிறம், அறைக்கு ஒன்று. நூற்றிருபது வருஷத்துச் சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் எவ்வளவு ஈரத்தைக் குடிக்கிறது என்று பார்ப்பதற்காக வைத்தவை. ஈரத்தோடும் வெப்பத்தோடும் சேர்த்து, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் அவை அளந்தன. அதை யாரும் கேட்கவில்லை. பெட்டியோடு சேர்ந்து வந்த வசதி அது. வாசல் படி வரை வந்தால்தான் அவற்றின் பதிவுகள் கைபேசிக்குக் கிடைக்கும்.

மலைக்காற்றில் அந்த அளவு பத்து லட்சத்துக்கு நானூற்று இருபது பங்கு. ஆள் இல்லாத பூட்டிய வீட்டில் நானூற்று முப்பது, நாற்பது இருக்கலாம். அதற்கு மேல் ஏற வேண்டுமானால் உள்ளே ஏதாவது எரிய வேண்டும், இல்லையென்றால் அழுக வேண்டும். அதுவும் இல்லையென்றால் மூச்சு விட வேண்டும்.

பதிமூன்றாம் எண்ணுக்கு நேராக ஆயிரத்து நூற்று எண்பது என்று நின்றது.

மணி மூன்று பத்துதான். ஆனால் அடுக்கம் ஊர்ப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து கிளம்பிய மேகம் தைலமரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு ஏறி வந்து, பங்களாவின் தகரக் கூரையையும் புகைபோக்கியையும் மறைத்து, முன்வாசல் படிக்கட்டு வரைக்கும் இறங்கி நின்றதில், பகலின் வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் போயிருந்தது. கூரையின் விளிம்பிலிருந்து சொட்டு விழும் சத்தம். ஊறிப்போன இலையின் வாடை. கதவின் இரண்டு பலகைகளும் சேரும் இடத்தில், துணியின் மேல் உருக்கி ஊற்றிய சிவப்பு அரக்கு மட்டும் ஈரத்தில் பளபளத்தது. அதற்கு மேலே அறிவிப்பு: பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம். அனுமதியின்றி ஓர் ஆணியைக்கூட அகற்றக் கூடாது.

கார் ரோடு வராத காலத்தில் வெள்ளைக்காரர்களை மலையடிவாரத்திலிருந்து டோலியில் வைத்துத் தூக்கி வருவார்கள். இந்த பங்களா பாதி வழியில் தங்குமிடம். டோலியில் வந்தவர்கள் மேலே மரத்தளம் போட்ட பன்னிரண்டு அறைகளில் படுத்தார்கள். தூக்கி வந்தவர்கள் அந்த மரத்தளத்துக்கு அடியில், நெஞ்சளவு உயரமே உள்ள மண்தரை அறையில் படுத்தார்கள். அந்தக் கீழறைக்கும் மேல் வீட்டுக்கும் நடுவே வழி கிடையாது. கீழறைக்கு வீட்டின் பின்பக்கத்தில் முழங்காலுயரத்தில், வெளியிலிருந்து பூட்டும் ஒரு பலகைக் கதவு. ஆடு நுழைவது போலக் குனிந்துதான் நுழைய வேண்டும்.

கீழறைதான் பதிமூன்று.

போன வருஷம் ஒரு விடுதிக்காரர் இதை வாங்கி, நடுச்சுவரை உடைத்துக் குளியலறை கட்டப் பார்த்தார். யாரோ வழக்குப் போட்டார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் கணக்கெடுக்கும் குழுவிடம் விஷயம் வந்தது. குழு என்றால் எஞ்சினியர் அலெக்சாண்டர் சாரும், இயற்பியல் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த ஆக்ஸிலியாவும், ஜீப் ஓட்டும் பென்சனும். எட்டு நாள் அவள் இங்கே அளவெடுத்தாள். மறுநாள் முன்கதவையும் கீழறைக் கதவையும் பூட்டிச் சீல் வைத்தார்கள். அன்றைக்கு அறைகளைப் பார்த்துவிட்டதாக அவள் நிரப்பிய படிவத்தில் பதிமூன்று வரிகள், பதிமூன்று டிக்குகள். பன்னிரண்டு டிக்குகள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். பதிமூன்றாவது டிக்கின் வால் மட்டும் தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போகும். ஓடுகிற ஜீப்பில் போட்டது அது.

அதை யாரும் கவனிக்கவில்லை. “ஆக்ஸிலியா பார்த்துட்டான்னா நான் ரெண்டாவது தடவை பார்க்க மாட்டேன்” என்று அலெக்சாண்டர் சார் அதிகாரியிடமே சொன்னார். அடுத்த மாதம் அவளுக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு வர இருந்தது. சிபாரிசுக் கடிதத்தில் அவர் எழுதியிருந்த வார்த்தை ‘நம்பகமானவர்.’

முதல் வாரம் அவள் பதிவுகளை எடுக்க வந்தபோதும் பதிமூன்று ஏறித்தான் இருந்தது. இரண்டாயிரத்து முந்நூறு. அன்றைக்கு இதே படியில் வெகுநேரம் நின்றாள். பிறகு நோட்டில் ‘வௌவால், மண்தரை, மக்கிய சருகு’ என்று காரணம் எழுதினாள். மூன்றுமே நடக்கக்கூடிய காரணங்கள்தான். பதினாலாம் நாள் வந்தபோது கோடு இறங்கியிருந்தது. பூட்டிய ஒன்பதாம் நாள் சாயங்காலத்திலிருந்து மெல்ல மெல்லச் சரிந்து, நானூற்று முப்பதில் படுத்து, அப்புறம் அசையவே இல்லை. அறிக்கையில் எழுதினாள்: பெட்டி எண் 13 இயல்பு நிலைக்குத் திரும்பியது. எழுதிவிட்டுக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். அம்மா அருள்மேரி, மதியம் தின்ற பப்ஸ்தான் காரணம் என்றாள்.

மூன்றாம் வாரம் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. அதனால் இன்று வந்திருக்கிறாள்.

அவள் விரலால் கோட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். நேற்று நானூற்று முப்பது. காலையிலும் அதே. இரண்டு நாற்பது வரைக்கும் அதே. இரண்டு நாற்பதுக்குக் கோடு செங்குத்தாக எழுந்திருந்தது.

அவர்களுடைய ஜீப் வந்து நின்ற நேரம் அது.

ரோட்டிலிருந்து பென்சனின் குரல் வந்தது. “மேடம், மீன் மாட்டுச்சா?”

அவள் கையிலிருந்த கம்பியைப் பார்த்துத்தான் அந்தக் கேலி. பதிமூன்று பெட்டிகளையும் ஒப்பிடுவதற்கு வெளிக்காற்றை அளக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதன் எண் பூஜ்ஜியம். தன் மூச்சு அதில் பட்டுவிடக் கூடாதென்று ஒரு நீளக் கம்பியின் நுனியில் அதைக் கட்டி, தூண்டில்காரனைப் போலத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள். பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் தூரத்தில் தொங்கும்.

“இன்னும் இல்லை” என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

“இந்தச் சத்தத்துக்கு மீன் எங்கிட்டு மேடம் வரும், கொசு கூடத் திரும்பிப் பாக்காது!”

பென்சன் சொல்வதில் தப்பில்லை. பள்ளிக்கூடத்துக் கோயிலில் பத்து வருஷம் பாடகர் குழுவில் நின்று வாயை மட்டும் அசைத்தவள் அவள். கடையில் மீதிச் சில்லறை கேட்க வெட்கப்பட்டு வந்துவிடுவாள். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தில் குரல் எழும்பாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறாள்.

பங்களாவின் காவல்காரர் மலையன் அப்படி இல்லை. அடுக்கத்துக்குக் கீழே சரிவில் இருக்கிற குடிசைகளைச் சேர்ந்தவர். ஒட்டிய உடம்பு, காது கொஞ்சம் மந்தம், குரல் மட்டும் மலையின் அடுத்த பக்கம் வரை போகும். தினமும் சாயங்காலம் பூட்டுமுன் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று மூன்று முறை கூப்பிடுவார். யாராச்சும் இருக்கீகளா, பூட்டப் போறேன். பதில் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் நின்று கேட்பார். மூன்றாவது முறைக்கும் பதில் இல்லையென்றால்தான் கதவைச் சாத்துவார். டோலி காலத்திலிருந்து இந்த பங்களாவில் அதுதான் வழக்கமாம். படுத்துக் கிடக்கிற ஆளை எழுப்பாமல் பூட்டினால் பாவம்.

“ஏ பெருசு, உள்ள எந்த வெள்ளக்காரி தூங்குறா?” என்று பென்சன் ஒரு நாள் கேட்டான்.

“தூங்குனா எந்திரிச்சுப் போகட்டும்னுதானப்பா சத்தம் குடுக்கேன். ஒன்னைய மாதிரி ஹாரன் அடிச்சா எழுப்ப முடியும்?” என்றார் மலையன். ஆக்ஸிலியா அன்றைக்குச் சிரித்தாள். சத்தமில்லாமல்.

பின்னால் சருகு நொறுங்கியது.

திரும்பினாள். மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மழைக்குத் தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தாள். கையில் தேன் பாட்டில் ஒன்று. படிக்குக் கீழே நின்று மூச்சு வாங்கினாள்.

“மேல ஜீப்புல இருக்க தம்பி சொன்னாரு, நீங்கதான் அந்த அளக்குற பொண்ணுன்னு. நான் செல்லாயி, தாயி. மலையன் சம்சாரம்.”

ஆக்ஸிலியா தலையை ஆட்டினாள்.

“சீல் வச்ச அன்னிக்கு வெள்ளனே ஒரு வாக்குவாதம். சோலி போச்சே, இனி என்ன செய்யப் போறன்னு நாலு வார்த்தை கேட்டுட்டேன். அன்னிக்கு வந்தவருதான், வீடு திரும்பல. கோவத்துல கேரளாவுக்கு ஏலக்காத் தோட்டத்துக்குப் போயிருப்பாருன்னு இருந்துட்டேன். எம் மக துர்காவும் அப்படித்தான் சொன்னா. நேத்து அந்தத் தோட்டத்துல இருந்து ஆளு வந்தாக. அங்க வரவே இல்லையாம்.” தேன் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “போனும் வீட்டுலதான் கெடக்கு.”

“பள்ளங்கி ஊர்ல சொந்தக்காரங்க…” என்று இழுத்தாள் ஆக்ஸிலியா.

“அங்கயும் கேட்டாச்சு.” செல்லாயி சிவப்பு அரக்கைப் பார்த்தாள். “ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க தாயி. பூட்டும்போது எல்லா ரூமையும் நீங்கதான பாத்தீக?”

“பார்த்தேன்.”

“கீழ ரூமு?”

“பார்த்தேன்.”

“அங்க அவரு கம்பளி கெடந்துச்சா? சாம்பக் கலரு, செவப்புக் கரை. எங்க போனாலும் அதை விட மாட்டாரு. கம்பளி இல்லைன்னா தூரமாப் போயிருக்காருன்னு அர்த்தம். இருந்துச்சுன்னா…”

பார்த்தேன் என்பது சின்ன வார்த்தை. இருபத்து மூன்று நாளாக அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிவிட்டது. ஆனால் இது வேறு கேள்வி. இதற்கு ஒரு நிறமும் ஒரு கரையும் இருந்தன.

“இல்லை. கம்பளி இல்லை” என்றாள்.

செல்லாயி முகம் கொஞ்சம் தெளிந்தது. “அப்பச் சரி. எங்கிட்டோ நல்லா இருக்காரு.” தேன் பாட்டிலை நீட்டினாள். “வச்சுக்கங்க. வந்ததுக்கு ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுப் போறேன்.”

“பின்னாடி அட்டை ஜாஸ்தி, வேண்டாம்” என்றாள் ஆக்ஸிலியா. இந்த மூன்று வாரமும் பின்பக்கம் போகாததற்கு பென்சனிடம் அவள் சொன்ன காரணமும் அதுதான்.

“அட்டைக்குப் பயந்தா நான் எப்படித் தாயி பொழைக்கிறது?” செல்லாயி சிரித்துக்கொண்டே வீட்டின் மூலையைத் திரும்பினாள். மேகம் அவளை மூடிக்கொண்டது.

பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு ஆக்ஸிலியா திரையைப் பார்த்தாள்.

பதிமூன்று, நானூற்று ஐம்பது.

அவளுக்கு மூச்சு வந்தது. கருவியில்தான் கோளாறு. ஈரம் புகுந்திருக்கும், அரை மணி நேரம் உளறிவிட்டு நின்றுவிட்டது, இதை எழுதிவிட்டுக் கிளம்பிவிடலாம், வெரசாகப் போனால் இருட்டுமுன் நாயுடுபுரம் போய்ச் சேரலாம், அம்மா சுக்குக் காப்பி போட்டு வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே நோட்டைத் திறந்தவள், பன்னிரண்டாம் எண்ணைப் பார்த்தாள்.

ஆயிரத்து நூற்று எண்பது.

பன்னிரண்டு என்பது பழைய சமையலறை. கீழறைக்கு நேர் மேலே இருப்பது. நடுவில் இரண்டு அங்குலத் தேக்குப் பலகை. ஒரு பொந்துகூடக் கிடையாது. அவளே டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள்.

காற்று நகரும். அது சாதாரணம். ஆனால் வாயு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனால் எல்லாப் பக்கமும் பரவித்தான் போகும். போகப் போக நீர்த்துவிடும். முதல் அறையை முழுக்கக் காலி செய்துவிட்டு அதே அளவோடு அடுத்த அறைக்குள் நுழையாது. வாயு நடக்காது.

பன்னிரண்டு இறங்கத் தொடங்கியது. பதினொன்று ஏறியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுண்ணாம்பு பூசிய இரண்டடிக் கருங்கல் சுவருக்கு அப்பால், வீட்டின் ஆழத்தில் எங்கோ, மழைத்தண்ணீர் குழாயில் இறங்குவது போன்ற ஒரு முனகல். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும். இடைவெளி. மறுபடியும். அதன் பிறகு மரம் மரத்தில் மோதும் ஓசையும் தாழ்ப்பாள் விழும் ஓசையும் சேர்ந்து வந்தன.

உள்கதவுகள் எல்லாம் திறந்தே இருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும் என்று ஒவ்வொரு கதவுக்கும் அவளே கல்லை முட்டுக் கொடுத்திருந்தாள்.

பத்து ஏறியது. முனகல், முனகல், முனகல். கதவு. தாழ்ப்பாள்.

அவள் எண்ணினாள். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. ஒன்பது. எட்டு. படிவத்தில் அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிக்குப் போனாள். உள்ளே இருப்பது கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு வருகிறது. ஒரு வரியைக்கூட விடவில்லை. அவசரப்படவும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, பதிலுக்குக் காத்திருந்து, பிறகுதான் அடுத்ததற்கு வருகிறது.

முதல் வரி, இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற முன்னறை.

ஓடியிருக்கலாம். ரோடு நூறடி தூரம்தான். ஆனால் அடுத்த எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோளில் கம்பி. கையில் திரை. ஏழு. ஆறு.

செல்லாயி மூலையைத் திரும்பி வந்தாள். நடை மாறியிருந்தது.

“தாயி.”

ஆக்ஸிலியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கீழ கதவுக்கடியில ஒரு விரக்கட்டை சந்து இருக்குல்ல. அது வழியா கம்பளி நுனி வெளிய வந்து கெடக்கு. செவப்புக் கரை. ஒரு முழம்.” செல்லாயி தன் கையைப் பார்த்தாள். ஈர நூல் இரண்டு விரலில் ஒட்டியிருந்தது. “யாரோ உள்ளேருந்து தள்ளி விட்ட மாதிரி. இழுத்தேன், வரல. உள்ள எதுலயோ சிக்கி இருக்கு.”

ஐந்து.

“இல்லைன்னீகளே தாயி. கம்பளி இல்லைன்னீகளே.”

நான்கு. இப்போது அது முனகல் இல்லை. சொல் இருந்தது. இன்னும் பிடிபடவில்லை. ஆனால் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பது தெரிந்தது. அந்த ராகம் தெரிந்தது.

செல்லாயிக்கும் கேட்டது. அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. தலையிலிருந்த சாக்கு நழுவி விழுந்தது.

“அவரு சத்தம்” என்றாள். பிறகு கத்தினாள். “அவரு சத்தம் தாயி! உள்ளதான் இருக்காரு! உசுரோட இருக்காரு! ஏ தம்பி, ஓடியா, ஓடியா!”

படிகளில் ஏறி இரண்டு உள்ளங்கையாலும் கதவை அடித்தாள். “ஏங்க! நாந்தான்! இங்கிட்டு வாங்க!”

மூன்று. கதவு. தாழ்ப்பாள்.

பென்சன் வழுக்கிக்கொண்டே இறங்கி வந்தான். என்ன, என்ன என்று கேட்டவன் உள்ளேயிருந்து வந்த குரலைக் கேட்டதும் பேச்சை நிறுத்தினான். திரும்பி ஓடி ஜாக்கிக் கம்பியோடு வந்தான். அரக்குக்குக் கீழே கம்பியின் நுனியைச் செருகிவிட்டு அப்படியே நின்றான்.

“மேடம், சீலை ஒடைச்சா என்னைய உள்ள போட்டுருவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, ஒடைச்சுர்றேன். பெருசு எப்படி உள்ள போனாரு? நீங்கதான எல்லா ரூமும் பாத்தீங்க?”

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் சரிந்த கோடு. அப்புறம் பதினாலு நாள் நானூற்று முப்பது. நேர்கோடு. இவர்களுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும். உள்ளே இருந்தது எதுவாக இருந்தாலும் பதினாலு நாள் மூச்சு விடவில்லை. அவர்கள் வந்த பிறகுதான் விடத் தொடங்கியிருக்கிறது.

“வேண்டாம்” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு.

“சொல்லுங்க மேடம்!”

ஒன்று.

கதவுக்கு அந்தப் பக்கம் மரத்தளம் கிரீச்சிட்டது. செல்லாயி அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைப் பலகையில் வைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“யாராச்சும் இருக்கீகளா. பூட்டப் போறேன்.”

இவ்வளவு பக்கத்தில். அதே குரல். ஆனால் வறண்டது. நாக்கு ஒட்டிக்கொண்ட வாயிலிருந்து வருவது.

“இருக்கேங்க! நான் இருக்கேன்!” என்றாள் செல்லாயி.

உள்ளே அமைதி. அந்தப் பதிலை அது எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வி அவளிடம் இல்லை போல.

“யாராச்சும் இருக்கீகளா.”

பென்சன் கம்பியை அழுத்தினான். அரக்கில் ஒரு கீறல் விழுந்தது.

“யாராச்சும் இருக்கீகளா. பூட்டப் போறேன்.”

மூன்று முறை ஆகிவிட்டது. சொட்டுச் சத்தம். வேறொன்றும் இல்லை. திரையில் ஒன்றாம் எண் இறங்கத் தொடங்கியது. ஆயிரம். எண்ணூறு. ஐந்நூறு. நானூற்று முப்பது.

முடிந்துவிட்டது. ஒன்றுக்குப் பிறகு அறை இல்லை.

அவள் கண் தானாகத் திரையின் அடியில் இருந்த வெளிப்பெட்டியின் வரிக்குப் போனது.

பூஜ்ஜியம். நானூற்று இருபது.

நானூற்று அறுபது.

திறந்த வெளி. மலைக்காற்று. முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் தூரம்.

எழுநூறு.

அரக்கு உடையவில்லை. கதவு திறக்கவில்லை.

ஆயிரத்து நூற்று எண்பது.

வாடைதான் முதலில் வந்தது. ஈரக் கம்பளி. மண். வௌவால் எச்சம். பிறகு கம்பி லேசாக அசைந்தது, மீன் தொட்டது போல.

ஆயிரத்து எண்ணூறு.

செல்லாயி கதவிலிருந்து காதை எடுத்தாள். திரும்பினாள். அவள் ஆக்ஸிலியாவைப் பார்க்கவில்லை. ஆக்ஸிலியாவின் தோளுக்கு மேலே பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. பென்சனின் கையிலிருந்து ஜாக்கிக் கம்பி விழுந்து, படி படியாகத் தட்டிக்கொண்டு இறங்கியது.

இரண்டாயிரத்து முந்நூறு.

காதருகே. மெதுவாக. “யாராச்சும் இருக்கீகளா.”

அவள் திரும்பவில்லை.

“யாராச்சும் இருக்கீகளா.”

தோளில் கனமாக ஏதோ இறங்கியது. குளிர்ந்த, சொட்டுகிற துணி. கண்ணின் ஓரத்தில் சிவப்புக் கரை.

இன்னும் ஒரு முறைதான். மூன்றாவதற்கும் பதில் இல்லையென்றால் பூட்டுவார். மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. கூப்பிடுவதற்கு முன் இழுக்கும் மூச்சு.

அவளுக்குக் குரல் வந்தது. பிறந்ததிலிருந்து வராத குரல். மலையின் அடுத்த பக்கம் வரைக்கும் போனது.

“இருந்தாரு! கீழ இருந்தாரும்மா! கம்பளிய எடுக்கப் போறேன், பூட்டுறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடு தாயின்னு என்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. நான் கூப்பிடல.”